மீண்டும் வானுக்கு

நீந்தக் கற்றவன் நீச்சலை மறப்பதில்லை என்பர் பெரியோர். மிதிவண்டிக்கும் அவ்வாறே சொல்வதுண்டு. கற்ற தொழில் கையிலேயே தங்கியிருக்கும் என்னும் இந்நம்பிக்கை உலகியலில் பெரும்பாலும் பொய்ப்பதில்லை. ஆயினும் இதனை ஏற்க மறுக்கும் தொழில் ஒன்று உண்டு. அது வானூர்தி செலுத்தும் தொழில். தேர் செலுத்துவோனை வலவன் என்றனர் பழந்தமிழர். இன்றைய வானவலவன் சில காலம் வானை விட்டுப் பிரிந்தால், தன் திறமையை முதலிலிருந்து மெய்ப்பித்த பின்னரே அங்கு மீளமுடியும்.

நாம் நடுவணரசு அலுவலகம் ஒன்றின் எழுத்தர். பாறசாலையில் இரயிலேறித் திருவனந்தபுரம் சென்று மாலையில் மீள்பவர். எம் அலுவலக உலகில் நீண்ட விடுப்பு என்பது அஞ்சத்தக்கதன்று. பணிப்பதிவேடு நம் முதுநிலையைக் காத்துக்கொண்டிருக்கும். நோய் விடுப்பாயின், உடற்றகுதிச் சான்றைக் கொடுத்துவிட்டுப் பழைய நாற்காலியில் அமரலாம். கோப்புகள் கூடியிருக்குமேயன்றிக் குறைந்திரா. இவ்வுலகில் பழகிய நமக்கு, அண்டை வீட்டு இளைஞர் ஒருவரின் வாழ்வு வேறொரு நெறியைக் காட்டிற்று.

அவர் எம்மை மாமா என்றழைப்பவர். தாயின் நகைகளும் வங்கிக் கடனும் சேர்ந்து அவரை விமானியாக்கின. சிறிய நகரங்களை இணைக்கும் ஏ.டி.ஆர். விமானத்தில் துணை விமானியாய் அமர்ந்தார். எழுபது பேர் அமரும் இவ்விமானம், சுழல்விசிறிகள் இரண்டால் இயங்குவது. திருவனந்தபுரத்தின் ஓடுபாதை ஏறத்தாழ 3,400 மீட்டர் நீளமுடையது. இலட்சத்தீவின் அகத்தியிலோ ஏறத்தாழ 1,200 மீட்டரே உண்டு. அத்தகைய குறுகிய இடங்களையும் எட்டவல்லது இவ்வகை விமானம். ஒரே நாளில் நான்கைந்து முறை ஏறி இறங்குவதும் இப்பணியில் இயல்பு.

நம் நாட்டில் விமான நிறுவனங்களின் ஆயுள் உறுதியற்றது. 2012-இல் கிங்ஃபிஷரும், 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேசும், 2023 மே மாதத்தில் கோ ஃபர்ஸ்ட்டும் பறப்பதை நிறுத்தின. நம் இளைஞர் பணியாற்றிய சிறு நிறுவனமும் ஒருநாள் ஓய்ந்தது. சில திங்கள் சம்பளம் வராமலே போயிற்று. களியக்காவிளையில் தந்தை நடத்திய இரும்புக்கடையின் கல்லாவில் மூன்றாண்டுகள் அமர்ந்தார். "பறந்த பிள்ளை ஆணி நிறுக்கிறது" என்று ஊரார் பேசியது அவர் செவிக்கும் எட்டியது. வங்கித் தவணை மட்டும் எந்த விடுப்பும் எடுக்கவில்லை.

பின்னர் வேறொரு நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. வீட்டில் பாயசம் வைத்தனர். எமக்கும் ஒரு கிண்ணம் வந்தது. "வேலை கிடைத்துவிட்டதே, தம்பி" என்றோம். "இல்லை மாமா, தேர்வெழுத அனுமதி கிடைத்திருக்கிறது" என்றார் அவர்.

அவர் சொன்னதன் பொருள் பிறகே விளங்கிற்று. பயணிகளுடன் பறக்கும் விமானி, கடந்த 90 நாள்களுள் மூன்று முறையேனும் மேலெழுந்து மூன்று முறையேனும் தரையிறங்கியிருக்க வேண்டும் என்பது உலகெங்கும் வழங்கும் விதி. மூன்று திங்களுக்கே இவ்வளவு எனில் மூன்றாண்டுகளுக்குச் சொல்லவும் வேண்டுமோ! மருத்துவச் சோதனை, வகுப்புப் பாடம், தேர்வு, அதன்பின் பாவனைக் கூண்டு எனப் படிகள் பல. தரையில் நிற்கும் அக்கூண்டு விமானத்தைப் போலவே அசையும், அதிரும். மேலெழும் கணத்தில் ஓர் எஞ்சினை அணைத்துவிட்டு, "இனி என்ன செய்வாய்?" என்று கேட்பதே அங்குப் பயிற்றுவோர் தொழில்.

அக்கேள்வி வீண் கேள்வியன்று. 2015 பிப்ரவரி 4 அன்று தைப்பே நகரில் டிரான்ஸ்ஏசியா நிறுவனத்தின் ஏ.டி.ஆர். விமானம் மேலெழுந்த சிறிது நேரத்தில் ஓர் எஞ்சின் விசை இழந்தது. விமானிகளோ நன்றாக இயங்கிய மற்றோர் எஞ்சினை நிறுத்திவிட்டனர். விமானம் ஆற்றில் வீழ்ந்தது; 58 பேரில் 43 பேர் மாண்டனர். அவசர நிலைகளைக் கையாள்வதில் தலைமை விமானிக்கிருந்த குறைகள் அவருடைய பயிற்சிப் பதிவுகளிலேயே காணப்பட்டதாக விசாரணை கண்டது. சோதனையில் காட்டப்படும் இரக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

பயிற்சியின் இடையே ஒருமுறை ஊருக்கு வந்தவரிடம், "மறந்துவிட்டதா, தம்பி?" என்று வினவினோம். "கை மறக்கவில்லை மாமா, கண்தான் மறந்துவிட்டது" என்றார். எந்தக் கருவியை எந்த நொடியில் பார்ப்பது, எதிலிருந்து எதற்குப் பார்வையை மாற்றுவது என்னும் ஒழுங்குதான் முதலில் கலைகிறதாம். கை தானே இயங்குவதால் எல்லாம் நினைவிருப்பதாய் மனம் ஏமாறுகிறதாம். நீச்சலைப் பற்றிய நம் பழஞ்சொல்லில் உள்ள இடர் இதுவே என்று அப்போது எண்ணினோம்.

புகழும் இவ்விதிக்கு விலக்கன்று. 2009 சனவரி 15 அன்று நியூயார்க்கின் அட்சன் ஆற்றில் விமானத்தை இறக்கி 155 பேர் உயிரைக் காத்தவர் சல்லன்பெர்கர். உலகமே போற்றிய அவரும், மீண்டும் பயிற்சி பெற்ற பின்னரே அவ்வாண்டு அக்டோபரில் பயணிகளுடன் பறந்தார்.

நம் இளைஞரைச் சோதனையினும் வருத்தியது முதுநிலை. புதிய நிறுவனத்தில் அது சேர்ந்த நாளிலிருந்தே எண்ணப்படும். முன்பு அவருக்கு இளையவராயிருந்த ஒருவர் இப்போது தலைமை விமானியாய் இடப்பக்க இருக்கையில், இவரோ வலப்பக்கத்தில். "சார் என்று அழைக்கக் கூசியதா?" என்றோம். "முதல்நாள் கூசியது. ஓடுபாதையில் வேகம் கூடியதும் அதை நினைக்க நேரமில்லை" என்றார்.

திருவனந்தபுரத்தில் ஐப்பசியிலும் பங்குனியிலும் பத்மநாபசுவாமி ஆராட்டு ஊர்வலம் விமான நிலைய ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குச் செல்லும். அதன்பொருட்டுச் சில மணி நேரம் பறப்புகள் நிறுத்தப்படும். மீண்டும் திறக்குமுன் ஓடுபாதையைச் சோதிப்பர். நேற்றுவரை நன்றாயிருந்த பாதைதானே என்று எவரும் விட்டுவிடுவதில்லை. பாதையும் அதனை இழிவாய்க் கொள்வதில்லை. மனிதர்க்கு மட்டும் அப்பொறுமை அரிதாய் வருகிறது. பழம்பெருமை பேசி வாழும் நம்மனோர் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தியிது.

இளைஞர் தேறினார். பயிற்றுநரின் மேற்பார்வையில் பறந்து முடித்தபின், "தனித்துப் பணியாற்றத் தக்கவர்" என்று கையொப்பம் கிடைத்தது. நாளும் கையொப்பங்களுக்கிடையே வாழும் நாம் அத்தாளை வாங்கி இருமுறை படித்தோம். கடன் இன்னும் முழுதும் தீரவில்லை. தாயின் வளையல்களுள் இரண்டு மட்டும் வீடு திரும்பியுள்ளன. அடுத்த சோதனை ஆறு திங்களில் வருகிறது. அதற்கு அவர் இப்போதே படிக்கத் தொடங்கிவிட்டார்.