புளி கரைக்கும் கைக்கு ஒரு மோதிரம்

மோதிரத்தில் கல்லைப் பதிப்பது ஒரு தொழில். இழைப்பது மற்றொரு தொழில். பதிக்கும்போது கல் தன் வடிவம் குன்றாமல் பொற்கூட்டினுள் அமர்கிறது. இழைக்கும்போதோ கல் நொறுங்கி, உலோகத்தில் வெட்டிய பள்ளத்தை நிரப்பி, அதன் மேற்பரப்போடு ஒரே சமமாகிவிடுகிறது. 'இழைத்தல்' என்னும் சொல்லின் பொருள்வளம் இவ்விடத்தில் எண்ணத்தக்கது. சந்தனத்தைக் கல்லில் தேய்ப்பதும் இழைத்தலே. தச்சர் மரத்தைச் சீவிச் சமமாக்குவதும் இழைத்தலே. அணியில் மணிகளைச் சேர்ப்பதும் இழைத்தலே. தேய்த்தல், சமமாக்கல், சேர்த்தல் ஆகிய மூன்றும் இம்மோதிரத்தில் நிகழ்கின்றன. இச்சொல்லை மாணவர்க்கு விளக்க விரும்பும் ஆசிரியர், அகராதியோடு இத்தகைய மோதிரம் ஒன்றையும் வகுப்புக்கு எடுத்துச் செல்லலாம்.

சிங்கப்பூரின் தோ பாயோவில், வீவக அடுக்குமாடி வீடொன்றில், இளைஞன் ஒருவன் இவ்வேலையைப் பொழுதுபோக்காகக் கற்றான். பெருஞ்சதுப்பு நிலம் என்று பொருள்படும் பெயர் அவ்வூருக்கு. ஹொக்கியன் சொல்லும் மலாய்ச் சொல்லும் கூடிப் பிறந்த பெயர் அது. அவனுடைய அன்னை அங்குள்ள உணவங்காடி நிலையத்தில் சிற்றுண்டிக் கடை நடத்துபவர். விடியுமுன் புளி கரைத்து, எலுமிச்சை பிழிந்து, இரவில் பாத்திரம் துலக்கி ஓய்கின்ற கைகள் அவருடையவை. கணவர் மறைந்த ஆண்டில் அவருடைய மோதிரம் கடைக்கு முதலாகிப் போயிற்று. அன்றுமுதல் அவர் விரல் வெறுமையாகவே இருந்தது.

அவ்விரலுக்கு ஒரு மோதிரம் செய்ய வேண்டும் என்பது மகனின் விருப்பம். வீட்டில் பாட்டியின் பவள மாலையில் எஞ்சிய மணிகள் ஒன்பது இருந்தன. அவற்றுள் மூன்றை அவன் சிறு உரலில் இட்டு இடித்தான். பள்ளம் வெட்டிய எஃகு மோதிரம் ஒன்றை வாங்கி, பவளத் துணுக்குகளைப் பள்ளத்தில் நிரப்பி, பிசின் ஊற்றி இறுகவைத்து, நீர் தெளித்து உப்புத்தாளால் தேய்த்தான். முதலில் முரட்டுத் தாள், பின்னர் படிப்படியாக மென்மையான தாள். பவளம் வெண்ணெய்போல் இணங்கிற்று. ஒரே மாலைப்பொழுதில் வேலை முடிந்தது. அவ்வளவு எளிதில் முடிந்ததே பின்வந்த குறைக்கு அறிகுறி என்பதை அவன் அப்போது அறியவில்லை.

நான்கு திங்கள் கழிந்தன. ஒருநாள் அன்னையின் கையைத் தற்செயலாகப் பற்றியவன் மோதிரத்தைக் கண்டு திடுக்கிட்டான். செந்நிறம் வெளுத்திருந்தது. பிசின் மேடாக நிற்க, பவளம் குழிந்து கிடந்தது. நகத்தால் தடவினால் பள்ளம் தட்டுப்பட்டது.

"ஏனம்மா முன்பே சொல்லவில்லை?" என்று கேட்டான்.

"நீ செய்து கொடுத்ததல்லவா, தம்பி!" என்றார் அன்னை. வேறெதுவும் சொல்லவில்லை.

அதே கட்டடத்தில் முதிய பொற்கொல்லர் ஒருவர் வாழ்ந்தார். தேக்கா வட்டாரத்தில் நெடுங்காலம் பட்டறையில் அமர்ந்தவர். மோதிரத்தை அவர் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். "ஒன்பது மணிகளில் இரண்டு கடலில் பிறந்தவை, தம்பி. அவற்றைக் கல் என்று நம்பாதே. முத்தும் பவளமும் கழுத்துக்கு உரியவை, புளி கரைக்கும் கைக்கு ஆகா" என்றார்.

அவர் கூறியதில் வேதியியல் முழுவதும் அடங்கியிருந்தது. பவளமும் முத்தும் பெரும்பாலும் சுண்ணாம்புப் பொருளே. புளி, எலுமிச்சை, காடி ஆகிய புளிப்பு எதுவும் அதை அரிக்கும். பவளத்தூளில் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டினால் நுண்குமிழிகள் எழக் காணலாம். செவ்வாய்க்குப் பவள மோதிரம் அணியுமாறு கூறும் சோதிடர், அந்தக் கை சமையற்கட்டில் என்ன செய்கிறது என்பதையும் ஒரு சொல் கேட்டுக்கொள்வது நலம்.

அடுத்தது கடினம். செருமானிய அறிஞர் பிரெடரிக் மோஸ் 1812இல் வகுத்த அளவுகோலில் வயிரம் 10, மாணிக்கமும் நீலமும் 9, படிகம் 7. பவளமோ 3 முதல் 4 வரையே. நாம் நாள்தோறும் துடைக்கும் தூசியிலேயே படிகத் துகள் கலந்திருக்கிறது. ஆகவே, 7க்குக் கீழ்ப்பட்ட கல் வெறும் துடைப்பினாலேயே காலப்போக்கில் மெருகு இழக்கும். சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் மதுரை மணிக்கடைத் தெருவை வருணிக்கும் இளங்கோவடிகள், பவளத்தின் உட்டுளையையும் முடக்கத்தையும் குற்றங்களாகக் கூறுகிறார். அவை வாங்குவோர் கண்ணுக்குப் புலப்படும் குற்றங்கள். அணிந்த பிறகு தெரியவரும் குற்றத்தைச் சமையற்கட்டே கற்பித்தது.

மகன் மீண்டும் கல் தேடினான். கண்ணைக் கவர்ந்தது டர்காய்ஸ் என்னும் நீலப்பச்சைக் கல். ஆயின் அதன் கடினம் 5 அல்லது 6. மேலும், ஹவுலைட் என்னும் மலிவான வெண்கல்லுக்குச் சாயமேற்றி அப்பெயரில் விற்பதும் உண்டு. நொறுக்கிய துணுக்காக வாங்கினால் வேற்றுமை காண்பது அரிது. அசிட்டோன் தோய்ந்த பஞ்சால் துடைக்கையில் நிறம் பஞ்சுக்கு வந்தால் சாயம் வெளிப்படும். பசுமையான மாலகைட்டோ செம்புச் சேர்மம். புளிப்புக்கும் ஆற்றாது, இடிக்கும்போது எழும் தூசியும் நஞ்சு. லாபிஸ் லாசுலியும் புளிப்புக்கு அஞ்சுவதே. கார்னெட் கடினத்தில் தேறிற்று. எனினும் எஃகின்மேல் அதன் செம்மை கருமையாகத் தோன்றியது.

எஞ்சியது சூதுபவளம். பெயரில் பவளம் இருப்பினும் இது படிக இனத்தது, கடினம் ஏறத்தாழ 7, புளிக்கு அசையாது. இரும்பு தந்த செம்மை இதனுடையது. சூடேற்றினால் அச்செம்மை மிகும். 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழ்ந்த கொடுமணலில் இம்மணிகள் கிடைத்துள்ளன. ஈராயிரம் ஆண்டு மண்ணுள் கிடந்தும் நிறம் மாறாதவை அவை.

இம்முறை வேலை எளிதாக இல்லை. உப்புத்தாள் பிசினை விரைந்து தின்றது; கல் மட்டும் முண்டுமுண்டாக எழுந்து நின்றது. வயிரப்பொடி பூசிய பட்டைகளை வாங்கி, மூக்கை மூடிக்கொண்டு, நீரிலேயே மூன்று மாலை தேய்க்க நேர்ந்தது. படிகத் தூசி நுரையீரலுக்குப் பகை. ஒளி ஊடுருவும் கல்லாதலின் எஃகின் சாம்பல் நிறமும் உள்ளிருந்து தெரிந்தது. கல்லின் அடியில் மெல்லிய தகடு வைத்து ஒளியூட்டும் தம் பட்டறை வழக்கத்தைப் பொற்கொல்லர் எடுத்துரைத்தார். அதைக் கேட்டவன் முதலில் செய்ததைச் சுரண்டி எறிந்துவிட்டு, பள்ளத்தின் அடியில் வெள்ளை பூசி மீண்டும் தொடங்கினான். அப்போதுதான் செம்மை துலங்கியது. புளிநீரில் ஓர் இரவு ஊறவைத்துப் பார்த்த பின்னரே அன்னையிடம் கொடுத்தான்.

இப்போது வேலை நாள்களில் அன்னையின் விரலில் இருப்பது சூதுபவள மோதிரம். வெள்ளிக்கிழமை மாலை கடையை அடைத்துக் குளித்து, லோரோங் 8இல் உள்ள ஸ்ரீ வைராவிமட காளியம்மன் ஆலயத்துக்குப் புறப்படும்போது அதைக் கழற்றி வைத்துவிட்டு, வெளுத்த பழைய மோதிரத்தை அணிந்துகொள்கிறார். அதன் பள்ளத்தை எஞ்சிய ஆறு மணிகளைக்கொண்டு நிரப்பித் தருவதாக மகன் இருமுறை கேட்டுப் பார்த்தான். அவர் மோதிரத்தையும் கொடுக்கவில்லை, மணிகளையும் கொடுக்கவில்லை.