புலிக்குப் பிறகு

காட்டுக்குப் போய்விட்டுத் திரும்புகிறவர்களிடம் கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது: "புலி கிடைத்ததா?" ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் கிடைத்ததா என்று விசாரிக்கும் அதே தொனி. மத்தியப் பிரதேசத்தின் கான்ஹா தேசியப் பூங்காவில் விடுதி, டீக்கடை, வாயிலில் வரிசை கட்டி நிற்கும் ஜிப்ஸி வண்டிகள் என்று எங்கு போனாலும் இந்தக் கேள்விதான் காதில் விழுந்தது.

எங்களுக்குக் கிடைத்தது. ஜனவரிக் குளிரில் கம்பளிக்குள் முடங்கியபடி கிஸ்லி வாயிலைத் தாண்டி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. ஒரு புள்ளிமான் கீச்சென்று குரல் கொடுத்தது. மரத்தின் மேலிருந்து மந்தி ஒன்று இருமுவதுபோல் அதை ஆமோதித்தது. வழிகாட்டி கையை உயர்த்தினார், வண்டி நின்றது. சால் மரங்களுக்கு நடுவிலிருந்து வந்த பெண்புலி, எங்களை ஒரு பொருட்டாகவே கருதாமல் மண்சாலையைக் கடந்து மறுபுறம் போய் மறைந்தது. நாற்பது வினாடி இருக்கலாம்.

கூட வந்த கொல்கத்தா குடும்பத்தின் தலைவர் கேமராவை உறைக்குள் போட்டார். "வந்த வேலை முடிந்தது. திரும்பிப் போய்ச் சூடாக ஏதாவது சாப்பிடலாமே" என்றார். இன்னும் மூன்று மணி நேரம் பாக்கி இருந்தது. அதை என்ன செய்வதென்று வண்டியில் யாருக்கும் தெரியவில்லை.

வழிகாட்டிக்குத் தெரிந்திருந்தது. பூங்காவை ஒட்டிய கிராமத்தைச் சேர்ந்த பைகா பழங்குடி இளைஞர். முப்பது வயதிருக்கும். புலி தெரியாத நாளில் இனாம் பாதியாகிவிடும் என்று பின்னர் சொன்னார். ஜூலை முதல் செப்டம்பர் வரை மழைக்காலத்தில் பூங்காவை மூடிவிடுவார்கள். அப்போது அந்தப் பாதியும் இல்லை. அன்று காலையிலேயே தரிசனம் ஆகிவிட்டதால் அவர் முகத்தில் பதற்றமில்லை. "இனிமேல் காட்டைப் பார்க்கலாமா, மேடம்?" என்று என்னிடம் கேட்டார்.

முதலில் ஒரு மரத்தைக் காட்டினார். பட்டையைக் கீறினால் ரத்தம்போல் பிசின் வடியும் மரம். அவர்களுக்கு அது பீஜா, நமக்கு வேங்கை. பூ உதிர்ந்து கிடக்கும் பாறையைப் புலி என்று மயங்குவது சங்கக் கவிதையில் படித்த சங்கதி. எங்கள் மொழியில் இந்த மரத்துக்கும் புலிக்கும் ஒரே பெயர் என்றேன். சிரித்தார். "அப்படியானால் உங்கள் ஆட்களும் காட்டில் இருந்தவர்கள்தான்."

பிறகு ஒரு பெரிய புல்வெளி. பனிக்குள் பாராசிங்கா மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. கொம்பில் பன்னிரண்டு கிளை என்பதால் இந்தியில் அந்தப் பெயர். ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்தால் 'சதுப்பு மான்' என்றாகும். கான்ஹாவில் இருப்பதோ கெட்டி நிலத்துக்கேற்ற குளம்புடைய வகை. புல்லைத் தவிர அநேகமாக வேறெதையும் தின்னாது. குட்டியை மறைத்து வைக்கவும் உயர்ந்த புல் வேண்டும். 1970-ல் இந்த வகையில் மிஞ்சியிருந்தவை வெறும் 66. இன்று கான்ஹாவில் மட்டும் ஏறக்குறைய ஆயிரம். 2015-ல் சாத்பூராவிலும் 2023-ல் பாந்தவ்கரிலும் கூடச் சில மான்களைக் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். நாட்டின் கானுயிர்ப் பாதுகாப்பில் இது பெரிய வெற்றி.

புல்வெளியின் ஓரத்தில் நான்கு மாமரங்கள் வரிசையாக நின்றன. "காடு இப்படி வரிசை பார்த்து மரம் வைக்குமா?" என்று கேட்டார் வழிகாட்டி. "இது என் தாத்தாவின் ஊர்."

1960-களின் இறுதியில் தொடங்கி, கோண்டுகளும் பைகாக்களும் வாழ்ந்த கிராமங்கள் கான்ஹாவுக்கு வெளியே மாற்றப்பட்டன. விளைநிலங்கள் புல்வெளிகளாயின. மான் பிழைத்தது. மானைத் தின்னும் புலியும் பிழைத்தது.

பூமித்தாயின் மார்பைக் கலப்பையால் கிழிக்கலாகாது என்பது பைகாக்களின் பழைய நம்பிக்கை. அவர்களைப் பற்றி 1939-ல் வெளியான நூலில் வெரியர் எல்வின் ஒரு யோசனை சொன்னார்: இவர்கள் தங்கள் வழக்கப்படி வாழ ஒருவகைத் 'தேசியப் பூங்கா' வேண்டும். 1955-ல் கான்ஹாவுக்குத் தேசியப் பூங்கா வந்தது. உள்ளே விலங்குகள், வெளியே பைகாக்கள்.

இப்போது சட்டம் வேறு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2006 திருத்தமும், அதே ஆண்டின் வன உரிமைச் சட்டமும், சம்மதமில்லாமல் யாரையும் புலிக் காட்டிலிருந்து அப்புறப்படுத்தக் கூடாது என்கின்றன. குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாயாக இருந்த தொகை 2021-ல் 15 லட்சமாயிற்று. அரசு ஆவணங்களில் இதற்கு 'விருப்ப மறுகுடியமர்த்தல்' என்று பெயர். தமிழ் படித்தவள் என்ற முறையில் அந்தத் தொடரில் பிழை காண எனக்கு வழியில்லை. ஊர் என்ற சொல்தான் அதில் எங்கும் இல்லை.

"கோபம் இல்லையா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் மான்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவை இருப்பது நல்லதுதான், மேடம். என் வீட்டில் அடுப்பு எரிவதே இவற்றால்தான். ஆனால் வருகிறவர்கள் இங்கே எப்போதுமே யாரும் இருந்ததில்லை என்று நினைத்துக்கொண்டு போகிறார்களே, அதுதான்."

ஊரைத் திருப்பிக் கொடுங்கள் என்று அவர் கேட்கவில்லை. 66 என்ற எண்ணை மறந்துவிட்டு நானும் பேச முடியாது. ஆனால் 2022 கணக்கெடுப்பில் இந்தியாவில் 3,682 புலிகள் என்று வரவு எழுதும்போது, செலவு யாருடையது என்பதையும் பக்கத்திலேயே எழுதத்தான் வேண்டும். வழிகாட்டியின் வீட்டுச் செலவு புலியின் நடமாட்டத்தை நம்பி இருக்கக் கூடாது. ஒவ்வொரு புல்வெளியின் ஓரத்திலும் அங்கிருந்த ஊரின் பெயரைச் சொல்லும் ஒரு பலகை வேண்டும். பெரிய செலவொன்றும் ஆகாது. எழுத வேண்டிய பெயர்கள் வழிகாட்டிகளுக்கு மனப்பாடம்.