இசைவும் எச்சரிக்கையும்

மன்னர் அவைக்கு எழுந்தருளும்போது கட்டியங்கூறுவோர் முன்சென்று ‘எச்சரிக்கை’ எனக் குரல் கொடுப்பது பண்டை வழக்கு. விழிப்பாயிருங்கள் என்பது அதன் பொருள். குரல் கொடுப்பவர் அரண்மனை ஏவலர் என்பதை அவையோர் அறிவர், ஐயத்திற்கு இடமில்லை. இன்று கணினித் திரையில் எழும் எச்சரிக்கைகளோ யார் ஏவலால் வருகின்றன என்பதே புலப்படுவதில்லை.

வ. புதுப்பட்டியில் எம் இல்லத்துக் கணினியில் அண்மையில் இத்தகைய அறிவிப்புகள் ஓயாது தோன்றின. நச்சுநிரல்கள் புகுந்துவிட்டன என்றது ஒன்று. வங்கிக் கணக்கு களவு போகும், உடனே இவ்வெண்ணை அழையுங்கள் என்றது மற்றொன்று. ஒன்றை மூடினால் இரண்டு முளைத்தன. தம் ஓய்வூதியக் கணக்கை அக்கணினியிலேயே பார்த்துவரும் எம் அத்தா, தொலைபேசியைக் கையில் எடுத்துவிட்டார். “சற்றுப் பொறுங்கள் அத்தா, யாரென்று தெரிந்துகொண்டு பேசலாம்” என்றோம். “அதற்குள் பணம் போய்விட்டால்?” என்றார். அவர் அச்சம் நியாயமானதே. அந்த அச்சந்தான் ஏமாற்றுவோரின் முதலீடு.

அவ்வெண்ணை அழைப்போரிடம், பழுது நீக்குவதாகச் சொல்லி, கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருளை நிறுவச் செய்வர். பின்னர் கட்டணம் என்றும் கணக்குச் சரிபார்ப்பு என்றும் பணத்தைப் பறிப்பர். இத்தொழில் நம் நாட்டிலும் வேரூன்றியிருப்பது வருந்தத்தக்கது. 2023 அக்டோபரில் நடுவண் புலனாய்வுத் துறை ‘ஆபரேஷன் சக்ரா 2’ என்னும் பெயரில் 76 இடங்களில் சோதனையிட்டது. மைக்ரோசாப்ட், அமேசான் நிறுவனங்களின் முறையீட்டின்மேல் பதிவான வழக்குகளும் அவற்றுள் அடங்கும்.

மெய்யான எச்சரிக்கையே இல்லையா எனில், உண்டு. விண்டோஸ் 7 இயங்குதளத்திற்கான ஆதரவு 14-1-2020 அன்று முடிந்தபோது, அதனை அறிவிக்கும் செய்தி திரை முழுதும் தோன்றியது. ஆயின் ‘மீண்டும் நினைவூட்ட வேண்டா’ என்னும் தெரிவும் அதிலேயே இருந்தது. தன் எச்சரிக்கைச் செய்திகளில் தொலைபேசி எண் ஒருபோதும் இராது என்பதை மைக்ரோசாப்ட் நிறுவனமே அறிவித்துள்ளது. மெய் உரைப்பவர் சொல்லிவிட்டு விலகுவர். பொய் உரைப்பவரே வழிமறித்து விரைவுபடுத்துவர்.

எம் கணினியில் தோன்றியவை நச்சுநிரலின் வேலையல்ல. ஏதோ ஓர் இணையதளம் ‘அறிவிப்புகள் அனுப்பலாமா?’ என வினவ, வீட்டில் யாரோ ‘அனுமதி’ என அழுத்தியிருக்கின்றனர். அவ்வளவே. பிறர் இல்லத்துள் இசைவு பெற்று, சலாம் உரைத்தே நுழைக எனத் திருக்குர்ஆன் (24:27) கற்பிக்கிறது. இங்கும் இசைவு கேட்கப்பட்டது. கேட்டவர் இன்னார் என்பதை மட்டும் எவரும் பார்க்கவில்லை.

இசைவால் வந்தது இசைவை மீட்டால் போகும். குரோம் உலாவியின் அமைப்புகளில் தனியுரிமையும் பாதுகாப்பும், தள அமைப்புகள், அறிவிப்புகள் என்னும் பகுதிகளுக்கு முறையே சென்றோம். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியலில் அறிமுகமற்ற பெயர்கள் சில இருந்தன. அவற்றை நீக்கியதும் திரை அமைதியுற்றது. ஒரு காசும் செலவில்லை. திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு மூட மறுக்கும் பக்கமாயின், எஸ்கேப் விசையைச் சற்றுநேரம் அழுத்திப் பிடித்து, பிறகு உலாவியை மூடிவிடலாம்.

செய்தி கொணர்பவர் தீயவராயின் அதனைத் தீர ஆராய்க என்பது திருமறையின் 49:6ஆம் வசனம் தரும் கட்டளை. வள்ளுவரும் ‘தெரிந்துதெளிதல்’ என ஓர் அதிகாரமே வகுத்தார். மாணவச் செல்வங்களே! கணினியை நன்கறிந்தவர் நீங்கள். அதன்முன் அஞ்சி நிற்பவர் உங்கள் பெற்றோர். விடுமுறையில் ஊர் செல்லும்போது அவர்தம் கணினியிலும் கைப்பேசியிலும் அந்தப் பட்டியலை ஒருமுறை பாருங்கள். பணம் பறிபோய்விட்டால் காலந்தாழ்த்தாது 1930 என்னும் எண்ணில் முறையிடலாம் என்பதையும் சொல்லி வையுங்கள். பெரியோரின் அச்சத்தைப் போக்குவதும் கல்வியின் பயனன்றோ!