பெட்டியில் 144, திரையில் 60

போன தீபாவளிக்குப் பேரனுக்கு ஒரு கேமிங் மானிட்டர் வாங்கிக் கொடுத்தேன். பதினோராம் வகுப்பு படிக்கிறான். சாயங்காலம் ஒரு மணி நேரம் நண்பர்களோடு ஆன்லைனில் வாலரன்ட் விளையாடுவான். பழைய மானிட்டர் 60 ஹெர்ட்ஸ், 144 வேண்டும் என்று மூன்று மாதமாக நச்சரிப்பு.

பென்ஷன் பணம். இயற்பியல் வாத்தியார் வேறு, சும்மா வாங்குவேனா? கடையில் நின்றே கணக்குப் போட்டேன். 60 ஹெர்ட்ஸில் ஒரு படம் மாற 16.7 மில்லி விநாடி. 144-இல் 6.9. கிட்டத்தட்ட பத்து மில்லி விநாடி லாபம். 240-க்குப் போனால் 4.2, அதாவது மேற்கொண்டு மூன்றுகூட மிச்சமில்லை. அத்தனை படங்களை வரைந்து தள்ள கிராபிக்ஸ் கார்டும் பெரிதாக வேண்டும். ஆகவே 144 போதும் என்று முடிவு செய்து, 24 அங்குலத்தில் வாங்கி, நானே மாட்டியும் கொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்து, "எப்படிடா இருக்கு?" என்றேன்.

"பழசு மாதிரியேதான் இருக்கு தாத்தா."

வந்ததே கோபம். "உனக்கு எதை வாங்கிக் கொடுத்தாலும் திருப்தி கிடையாது" என்று அவன் அம்மா எதிரிலேயே கத்திவிட்டேன். அவன் பதில் பேசவில்லை. அதற்கப்புறம் நான் கூடத்தில் இருந்தால் கம்ப்யூட்டர் பக்கமே வரமாட்டான்.

பொங்கல் லீவில் கரண்ட் பில் கட்ட நான் அதில் உட்கார்ந்தேன். மவுஸை வேகமாக வட்டமாகச் சுற்றியபோது அம்புக்குறி விட்டு விட்டுப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. பழைய சோக் வைத்த டியூப்லைட் விநாடிக்கு 100 முறை மினுக்கும். அதன் கீழே ஃபேன் ஓடினால் இறக்கைகள் நின்று நின்று சுற்றுவதுபோல் இருக்கும். வகுப்பில் எத்தனை தடவை காட்டியிருக்கிறேன்! இங்கே இடைவெளி பெரிதாகப் பட்டது. செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று உள்ளே போனேன்.

60 ஹெர்ட்ஸ் என்று இருந்தது.

விண்டோஸ் தானாக மாற்றிக்கொள்ளும் என்று நினைத்தது என் தப்பு. பட்டியலைத் திறந்தால் 120 வரைதான். பழைய ஹெச்டிஎம்ஐ கேபிளையே நான் மாட்டியிருந்தேன். புது டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் பரண்மேல் பெட்டியில் கிடந்தது. அதை எடுத்து கிராபிக்ஸ் கார்டில் செருகிய பிறகுதான் 144 வந்தது.

பேரன் வந்ததும் மவுஸைப் பிடிக்கச் சொன்னேன். இரண்டு சுற்று சுற்றினான்.

"தாத்தா, என்ன பண்ணீங்க? வழுக்கிட்டுப் போகுது!"

"நீ அன்னைக்குச் சொன்னது சரிதான்டா. நான்தான் தப்பு" என்றேன், அவன் அம்மா எதிரிலேயே. அவன் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் தலையாட்டினான்.

மறுநாள் அவனே என்னைக் கூப்பிட்டான். ஓவர்டிரைவ் என்ற அமைப்பை நான் ஆசையில் உச்சத்தில் வைத்திருந்தேனாம். ஓடும் உருவங்களுக்குப் பின்னால் வெளிறிய நிழல் இழுக்கிறதாம். நடுவில் வைத்துக் காட்டினான். நிழல் போய்விட்டது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரு ஆட்டம் முழுக்கப் பார்த்தேன்.

வீட்டில் இப்படி மானிட்டர் வாங்கியிருப்பவர்கள் இன்றே அந்த எண்ணை ஒருதரம் பார்த்துவிடுங்கள். பெட்டிக்குள் கேபிள் கிடக்கிறதா என்றும்.