ஈரச் சாக்கும் காயற் காற்றும்

பிழைப்பு நாடிக் கோவில்பட்டிக் கரிசற் சீமையிலிருந்து இடக்கொச்சிக்கு வந்த நாம், தட்டுமுட்டுச் சாமான்களோடு வெயிலை வெல்லும் வித்தை ஒன்றையும் கொண்டுவந்தோம். பகலெல்லாம் சன்னலைச் சாத்தி, வாசலில் நனைத்த கோணிச் சாக்கைத் தொங்கவிட வேண்டும், வீடு குளிரும். ஊரில் தலைமுறை தலைமுறையாகப் பொய்க்காத வித்தை அது.

காயலோரத்தில் நமக்கு வாய்த்தது ஆஸ்பெஸ்டாஸ் கூரை வேய்ந்த வாடகை வீடு. சித்திரை பிறந்ததும் நம் அன்னையார் வழக்கம்போல் சன்னல்களை அடைத்தார், சாக்கை நனைத்தார். ஒரு நண்பகலில் நாம் வீடு திரும்பியபோது அவர் நினைவிழந்து தரையிற் கிடந்தார். அண்டை வீட்டுச் சேச்சி ஓடிவந்து முதலிற் செய்தது சன்னல்களைத் திறந்ததே. பிறகு ஈரத்துணியால் துடைத்து, விசிறி, மருத்துவமனைக்கு அனுப்பினார். அன்னையார் பிழைத்தார். “ஊர்ல குளுந்த சாக்கு இங்க ஏம்ப்பா குளுரல?” என்று அவர் கேட்ட கேள்வி மட்டும் நம்மை விடவில்லை.

விடையை இரண்டு வெப்பமானிகள் தந்தன. ஒன்றை வெறுமனே தொங்கவிட்டு, மற்றதன் குமிழில் ஈரத்துணி சுற்றி விசிறினால், நீர் ஆவியாகி எவ்வளவு குளிரூட்டும் என்பதை முன்கூட்டியே அறியலாம். 38 பாகை வெப்பமும் 25 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள வறண்ட காற்றில் ஈரக்குமிழ் ஏறத்தாழ 23 பாகைக்கு இறங்கும். 33 பாகையும் 70 விழுக்காடும் உள்ள கடலோரக் காற்றிலோ 28 அளவிலேயே நின்றுவிடும். அங்கே ஆதாயம் 15 பாகை, இங்கே ஐந்து. அடைத்த வீட்டுக்குள் நாம் பெருக்கியது ஈரத்தைத்தான். வியர்வை உலரும் வழியையும் மறித்துவிட்டோம்.

இந்நாட்டுக்கு ஏற்றவை நிழலும் காற்றோட்டமுமே. லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் எழுப்பிய கட்டிடங்களின் துளைச்சுவர்கள் சொல்வதும் அதுவே. நாமும் கூரையின்மேல் தென்னங்கீற்றைப் பரப்பினோம். வெயில் தகட்டைத் தொடுமுன்னே தடுக்கப்பட்டது. எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து வைத்தோம், உள்வெப்பம் தணிந்தது.

2024 ஏப்ரலில் பாலக்காட்டில் வெயில் 41 பாகையைத் தாண்டியது. கேரளத்துக்கு வெப்ப அலை எச்சரிக்கை வந்தது. புதிதாய்க் குடிவரும் நம்மவர் இன்றும் தகட்டுக் கூரையின் கீழ்த்தான் முதலில் தங்குகின்றனர். அவர்களுக்கு நாம் சொல்வது ஒன்றே: ஊர் வித்தையை மறக்க வேண்டா, ஆனால் சாக்கை நனைக்குமுன் இவ்வூர்க் காற்றை அளந்து பாருங்கள். அண்டை வீட்டாரையும் ஒரு சொல் கேளுங்கள்.