சுரண்டியதெல்லாம் எங்கே போகிறது?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் தடைக்காலத்தில், தமிழகத்துக் கிழக்குக் கரையின் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. கரையேற்றப்பட்ட படகுகளின் அடிப்பகுதியை அப்போதுதான் நிதானமாகப் பார்க்க முடிகிறது. நீர்மட்டக் கோட்டில் மஞ்சள் கறை, அதற்குக் கீழே வழுவழுப்பான பச்சைப் பாசி, இன்னும் கீழே கொத்துக் கொத்தாகக் கொட்டலசு. தினமும் மணலில் இழுத்துப் போடும் பைபர் படகுக்கு இந்தத் தொல்லை குறைவு. துறைமுகத் தண்ணீரிலேயே மாதக்கணக்கில் கிடக்கும் படகைத்தான் கடல் தன் வீடாக்கிக்கொள்கிறது.

குடியேற்றம் படிப்படியாக நடக்கும். முதலில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்ப் படலம், அதன்மேல் பாசி, பிறகு கொட்டலசின் இளம்புழு. அது தலையைக் கீழே ஒட்டிக்கொண்டு, சுற்றிலும் சுண்ணாம்புக் கூட்டைக் கட்டி, ஆயுள் முழுக்க அங்கேயே இருந்துவிடும். இந்த உயிர்களை ஆராயவே டார்வின் எட்டு ஆண்டுகள் செலவிட்டார். படகுக்காரருக்கோ அவை டீசலைத் தின்னும் பாரம்.

ஈரம் காய்வதற்குள் வேலையைத் தொடங்கிவிட வேண்டும். படகு கரையேறிய அன்றே தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் பாசி பெரும்பாலும் உரிந்து வந்துவிடும். வெயிலில் காயவிட்டால் பசையாக இறுகிவிடும். கொட்டலசைக் கூர்மையில்லாத தகட்டால், படுத்தாற்போல் பிடித்துத் தள்ள வேண்டும். கோபத்தோடு குத்திச் சுரண்டினால் பைபரின் மேற்பூச்சு கீறி, உள்ளே நீர் இறங்கும். மரப்படகென்றால் அந்தக் கீறல் கப்பல்புழுவுக்கு வாசல். மஞ்சள் கறைக்கும் துருக்கறைக்கும் ஆக்ஸாலிக் அமிலம் தடவிச் சற்றுப் பொறுத்துக் கழுவினால் போதும். பிளீச்சிங் பவுடர் பாசியின் நிறத்தைப் போக்கும், துருவைப் போக்காது. அதை அமிலத்தோடு கலந்துவிடவே கூடாது; கிளம்பும் குளோரின் வாயு நுரையீரலைப் பதம் பார்த்துவிடும்.

இதெல்லாம் அனுபவசாலிகளுக்குத் தெரிந்ததுதான். என் கவலை சுரண்டி விழுந்த குப்பையைப் பற்றியது.

பாசி ஒட்டாதிருக்க அடிப்பகுதியில் பூசுவது நஞ்சு. இன்று பெரும்பாலும் செம்புச் சேர்மம். முன்பு டிபிடி என்ற வெள்ளீயச் சேர்மம் கலந்த வண்ணம் பூசினார்கள். பிரான்சின் ஆர்கஷோன் விரிகுடாவில் அது சிப்பிகளின் ஓட்டைத் தடிக்கச்செய்து, இனப்பெருக்கத்தையும் கெடுத்தது. 1982-ல் அந்நாடு சிறு படகுகளில் அதற்குத் தடை போட்டது. அதைத் தடைசெய்யும் உலகளாவிய உடன்படிக்கை நடைமுறைக்கு வர 2008 ஆயிற்று. நஞ்சு என்று தெரிந்த பிறகும் இருபத்தாறு ஆண்டுகள்! அந்தத் தாமதத்தை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

நம் கரையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. தென்னமெரிக்காவிலிருந்து வந்து எண்ணூர், பழவேற்காடு கழிமுகங்களின் தரையை மூடிக்கொண்டிருக்கும் காக்கா ஆழி என்னும் சிப்பி, படகின் அடியிலும் ஒட்டும். உயிரோடு சுரண்டித் தண்ணீரில் தள்ளினால் புதிய இடத்துக்கு நாமே விதை போடுகிறோம். அது பரவிய தரையில் இறால் தங்குவதில்லை என்று அங்குள்ள மீனவர்கள் வருந்துகிறார்கள்.

ஆகவே படகுக்கடியில் ஒரு தார்ப்பாய் விரிக்கட்டும். பழைய வண்ணத்தை உலர்வாகத் தேய்க்காமல் நனைத்துத் தேய்க்கட்டும், தேய்ப்பவர் முகமூடி அணியட்டும். சேர்ந்த குப்பையை அலையெட்டாத இடத்தில் கொட்ட ஒவ்வொரு மீன்பிடித் துறைமுகத்திலும் சிமென்டுத் தொட்டி ஒன்று வேண்டும். படகு பழுதுபார்க்க மானியம் கேட்கும்போது சங்கங்கள் இந்தத் தொட்டியையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.