கண்ணாடி வீட்டுக்கு ஓர் அத்திவாரம்

இங்கிலாந்தில் ஒரு வீடு கைமாறும்பொழுது, அதன் பின்வளவின் மூலையில் நிற்கும் கண்ணாடி வீடு பல வேளைகளில் வேண்டாத பொருளாகிவிடுகின்றது. செடி வளர்த்த முதியவர் காலமாகியிருப்பார். புதிதாய் வருபவருக்குப் பிள்ளைகள் விளையாட இடம் வேண்டியிருக்கும். கழற்றிக்கொண்டு போகிறவருக்கு அதனைச் சொற்ப விலைக்கோ இலவசமாகவோ கொடுத்துவிடுவார்கள். அவ்வாறு நம் கைக்கு வருவது, எட்டடி நீளமும் ஆறடி அகலமும் உள்ள அலுமினியச் சட்டமும் அதனை மூடும் மெல்லிய கண்ணாடித் தகடுகளுமே. அது நின்ற அத்திவாரம் பழைய வளவிலேயே கிடந்துவிடும். ஆகவே, பழைய கண்ணாடி வீடு வாங்குபவன் கண்ணாடியைப் பற்றி எண்ணுமுன் நிலத்தைப் பற்றி எண்ண வேண்டும்.

வெயிலுக்குப் பஞ்சமில்லாத நமக்குக் கண்ணாடி வீட்டுக் கதை எதற்கு என்று வாசகர் சிலர் கேட்கக்கூடும். இலங்கையின் றப்பர்ப் பயிரே ஒரு கண்ணாடி வீட்டிலிருந்துதான் நமக்கு வந்தது என்பதை அவர்களுக்கு நினைவூட்டலாம். பிரேசில் நாட்டிலிருந்து 1876 ஆம் ஆண்டில் கொண்டுவரப்பட்ட விதைகள், இலண்டனிலுள்ள கியூ தாவரவியற் பூங்காவின் கண்ணாடிக் கூடங்களில் முளைக்க வைக்கப்பட்டன. அவ்வாண்டிலேயே ஏறத்தாழ 1,900 நாற்றுகள் கண்ணாடி பதித்த பெட்டிகளில் இலங்கைக்குக் கப்பலேறி, கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடைப் பூங்காவில் வேரூன்றின. வெப்ப நாட்டுச் செடியைக் குளிர் நாட்டில் காப்பாற்றும் அந்த வித்தையையே நானும் என் சிறிய வளவிற் செய்ய முயன்றேன்.

அதற்குக் காரணம் என் தாயார். அவருக்கு வயது எண்பத்திரண்டு. உரும்பிராய்ச் செம்மண்ணில் மிளகாயும் கத்தரியும் நட்டுப் பழகிய கைகள் அவருடையவை. 2011 இல் எம்முடன் வந்திருந்த நாள் முதலாக, ஒவ்வொரு கோடையிலும் சாடிகளில் கன்று வைப்பார். காய் பிடிக்கும் வேளையிற் குளிர் இறங்கிவிடும், செடிகள் கருகிவிடும். இரண்டு மாரிகளுக்கு முன்னர் தோட்டத்துப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. சத்திரசிகிச்சைக்குப் பின் வீட்டுக்குள் கோலூன்றி நடந்தாரேயன்றி வெளியே இறங்கவில்லை. யன்னலருகே நாற்காலியிற் பொழுது கழிந்தது; பேச்சும் வரவரக் குறைந்தது. நன்றாக நடக்க வேண்டும் என்றார் வைத்தியர். நடப்பதற்குப் போய்ச் சேர ஓரிடமும், அங்கே செய்ய ஒரு வேலையும் வேண்டாமா?

கண்ணாடி வீடு வந்து சேர்ந்ததும் ஆலோசனைகளும் வந்தன. நிலம் முழுவதையும் நான்கு அங்குலத் தடிப்பிற் கொங்கிறீற்று இட்டு மூடும்படி ஒரு நண்பர் கூறினார். எட்டடிக்கு ஆறடி நிலத்தில் அது பதினாறு கன அடியாகும். நிறையோ ஒரு தொன்னுக்கு மேல். செலவு ஒருபுறமிருக்க, மண்ணை மூடிவிட்டால் செடியை எங்கே நடுவது? இன்னொருவர், செங்கல்லால் ஓரடி உயரச் சுவர் எழுப்பி அதன்மேல் வைத்தால் அழகாயிருக்கும் என்றார். அதனைக் கேட்டிருந்த அம்மா ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: “தம்பி, படி ஒண்டும் வையாதை. படியெண்டால் நான் உள்ளுக்கு வரமாட்டன்.” அத்துடன் திட்டம் தீர்மானமாயிற்று. அத்திவாரம் நிலமட்டத்தில் இருத்தல் வேண்டும். விளிம்பைச் சுற்றி மட்டுமே அமைதல் வேண்டும். உள்ளே மண் திறந்திருத்தல் வேண்டும்.

அயலவர் ஒருவர் தமது பழைய மதிலை இடித்தபோது கழித்த சீமெந்துக் கற்களைக் கேட்டுப் பெற்றேன். ஒவ்வொன்றும் ஒன்றரையடி நீளம், ஒன்பது அங்குல அகலம், நான்கு அங்குலத் தடிப்பு. கண்ணாடி வீட்டின் சுற்றளவு இருபத்தெட்டடி. பத்தொன்பது கற்கள் போதுமானவை.

எட்டடி என்று பெயர் பெற்ற சட்டம் சரியாக எட்டடியாய் இருப்பதில்லை. ஆதலால், சட்டத்தின் அடிப்பட்டையை நிலத்தில் வைத்து அளந்த பின்னரே முளையடித்துக் கயிறு கட்டினோம். அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்தவள் உயர்தர வகுப்பிற் படிக்கும் என் மகள். மூலைகள் செங்கோணமா என்று அறிய மூலைவிட்டங்களை அளந்தோம். ஆறும் எட்டும் பக்கங்களாயின் மூலைவிட்டம் பத்து. இது மாணவர் அறிந்த பைதகரசின் தேற்றமே. அளவு சற்று வேறுபட்டாலும் இரண்டு மூலைவிட்டங்களும் ஒன்றுக்கொன்று சமமாதல் வேண்டும். சமமில்லையேல் சட்டம் கோணும். கோணிய சட்டத்திற் சதுரக் கண்ணாடி பொருந்தாது.

பின்னர் கயிற்றின் வழியே ஒன்பது அங்குல ஆழத்தில் வாய்க்கால் வெட்டினோம். இலண்டனிற் பல இடங்களைப் போல எங்கள் வளவும் களிமண். அது கோடையிற் சுருங்கி வெடிக்கும். மாரியில் நீருண்டு வீங்கும். அதற்காக நான்கு அங்குலத்துக்கு உடைந்த செங்கல்லை இட்டு இறுக இடித்தோம். அதன்மேல் ஓரங்குலச் சீமெந்துக் கலவை, அதன்மேற் கல். நான்கும் ஒன்றும் நான்கும் ஒன்பதாகிக் கல்லின் முகம் நிலத்தோடு நிலமாயிற்று. முழுவதற்கும் 25 கிலோ நிறையுள்ள சீமெந்துப் பை ஒன்றும் மணற்பை நான்குமே செலவாயின.

மட்டம் பார்ப்பதற்குத் தெளிவான நீண்ட குழாயொன்றில் நீர் நிரப்பி, அதன் இரு முனைகளையும் எதிரெதிர் மூலைகளில் உயர்த்திப் பிடித்தோம். நீர் பொய் சொல்வதில்லை. ஒரு மூலை அரை அங்குலம் தாழ்ந்தாலும் கதவு ஓடாது. சட்டம் முறுகிக் கண்ணாடி வெடிக்கவும் கூடும்.

சட்டத்தை வைக்குமுன் செய்ய வேண்டியது இன்னுமொன்று உண்டு. ஈரச் சீமெந்து அலுமினியத்தை அரிக்கும் தன்மையது. அதனால் இரண்டுக்கும் இடையே, சுவர்களில் ஈரம் ஏறாமல் வைக்கும் கரிய பிளாஸ்ரிக் பட்டையை விரித்தோம். பின்னர் கல்லைத் துளைத்துச் சட்டத்தை ஆணிகளால் முடுக்கினோம். கண்ணாடி வீடு பாரமற்றது. ஒரு தகடு உடைந்து காற்று உள்ளே புகுந்தால், முழுவதையும் தூக்கி எறிந்துவிடும்.

எஞ்சியது வாசல். கதவோடும் தண்டவாளம் நிலத்தினின்று இரண்டு அங்குலம் உயர்ந்து நின்றது. எம்மவர்க்கு அது ஒரு தடையல்ல. கோலூன்றும் கால்களுக்கு அதுவே மதில். ஆகவே பழைய பலகைக் கற்களை உள்ளும் புறமும் தண்டவாளத்தின் மட்டத்துக்கு உயர்த்திப் பதித்து, வீட்டுக் கதவிலிருந்து மெல்ல ஏறிச் செல்லும் சறுக்குப் பாதையாக்கினேன். பழைய படியையும் அப்பாதை மூடிவிட்டது. பக்கத்திற் பிடித்து நடக்க ஒரு கம்பி. அத்திவாரத்துக்கான செலவு முப்பது பவுணுக்குள் அடங்கிற்று. உழைப்பு மூன்று வாரங்களின் சனி ஞாயிறு.

சித்திரை மாதத்தில் ஒரு முற்பகல், அம்மா பேத்தியின் கையை விட்டுவிட்டுத் தாமாகவே உள்ளே சென்றார். குனிந்து ஒரு பிடி மண்ணெடுத்துப் பார்த்து, “களிதான், எரு போட்டால் சரிவரும்” என்றார். இரண்டு மாரிக்குப் பின் அவர் வாயிலிருந்து வந்த முதற் கட்டளை அது. அன்றே எரு வந்தது. இப்பொழுது தக்காளியும் பச்சைமிளகாயும் நிலத்திலும், கறிவேப்பிலை சாடியிலும் நிற்கின்றன. சூடேற்றாத கண்ணாடி வீடு கடும் உறைபனியைத் தடுக்காது; ஆதலால் மாரிக்குக் கறிவேப்பிலை வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். தண்ணீர் ஊற்றும் வேளையைப் பற்றி எனக்கும் அவருக்கும் நாள்தோறும் வாக்குவாதம் நடக்கின்றது. வாக்குவாதம் செய்யும் தாயைப் பெற்றிருப்பது எத்தகைய பாக்கியம் என்பதை மௌனமாயிருந்த தாயைக் கண்டவர்களே அறிவர்.

வருவோர் யாவரும் கண்ணாடியைப் பார்த்து வியக்கின்றனர். அத்திவாரம் எவர் கண்ணிலும் படுவதில்லை. படாதபடி அமைந்ததே அதன் சிறப்பு. அம்மா மாத்திரம் ஒரு குறை கூறுகின்றார். தண்ணீர்க் குழாயடிக்கும் அப்பாதையை நீட்டினால் வாளியைத் தாமே கொண்டுவரலாமாம். இன்னும் ஆறு பலகைக் கற்கள் தேடிக்கொண்டிருக்கின்றேன்.